ஸ்பெயின் மேசையில் வைத்த வீடு

ஸ்பெயின் நாட்டின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்த நாட்டுக்காரர் எவரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. கெடுதல் செய்தது கனடாவில், அஜின்கோர்ட் பள்ளிக்கூடத்தில் என் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை.

எங்கள் அப்பார்ட்மென்ரில் கீழ்வீட்டில் ஒரு பிலிப்பீன் அன்ரி இருந்தார். விகான் என்ற பழைய நகரம் அவருடைய ஊர். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து, வருடக்கணக்கில் தனியே இருந்து, கடைசியில் மகளைக் கனடாவுக்கு எடுப்பித்திருந்தார். அந்த மகள்தான் என் சிநேகிதி. ஸ்பெயின்காரர் முந்நூறு வருடங்களுக்கு மேல் தங்களை ஆண்ட கதையை அன்ரி சொல்லுவார். கீழே கல், மேலே மரம், சன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி என்று அங்கே வீடுகள் இருக்குமாம். அவற்றைக் கட்டியதும் குடியிருந்ததும் அந்த ஊர்ச் சனமும் அங்கே வந்து கலந்த சீன வியாபாரிகளும்தானாம்.

பள்ளிக்கூடத்தில் பண்பாட்டு நாள் வந்தது. நாட்டுக்கொரு மேசை, மேசைக்கொரு கொடி. சிநேகிதியும் அன்ரியும் சப்பாத்துப் பெட்டிகளை வெட்டி விகான் தெரு ஒன்றைச் செய்தார்கள். சிப்பிச் சன்னலுக்கு எண்ணெய்த்தாள் ஒட்டியது நான். தாயும் மகளும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. தன் ஊரை வகுப்புக்குக் காட்டப் போகிறோம் என்று அவள் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஆசிரியை பார்த்தார், அழகென்று மெச்சினார், தூக்கிக்கொண்டு போய் ஸ்பெயின் மேசையில் வைத்தார். இது ஸ்பானியக் கட்டடக்கலை அல்லவா, இங்கேதான் பொருந்தும் என்றார். அந்த மேசையில் வைக்க வேறொன்றும் இல்லாததும் வசதியாகப் போயிற்று. பிலிப்பீன் கொடிக்குக் கீழே ஒரு தட்டு நூடில்ஸ் மட்டும் மிஞ்சியது. சிநேகிதி அதன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்ரி சிரித்த முகமாக, பரவாயில்லை மிஸ் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுட்டவன் ஒருவன், பலகாரம் இன்னொருவன் பெயரிலா?

எங்கள் வடைத்தட்டோடு வந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"உவவுக்கென்ன விசரோ?" என்று தட்டை என் கையில் தந்துவிட்டு அம்மா நேரே ஆசிரியையிடம் போனார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எங்கள் யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் போர்த்துக்கீசர் கட்டினார்கள், பிறகு ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டினார்கள், அப்படியென்றால் என்னைப் போர்த்துக்கல் மேசையில் இருத்துவீர்களா என்று கேட்டார். ஆசிரியையின் முகம் மலர்ந்தது. உங்களுக்குப் போர்த்துக்கீசப் பாரம்பரியமும் இருக்கிறதா, எவ்வளவு நல்லது என்றார்.

அம்மா அதற்குமேல் ஆங்கிலத்தைச் செலவழிக்கவில்லை. தெருவை இரண்டு கையாலும் தூக்கி, நூடில்ஸைத் தள்ளி, பிலிப்பீன் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆசிரியை ஏதோ சொல்ல வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பால் போய்விட்டார். அன்ரி அவர் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கத்தினேன்.

"அன்ரி ஏன் சொறி சொன்னவ? She didn't do anything!"

"அவவின்ர மகன் இன்னும் ஊரிலதான் நிக்கிறான், பிள்ளை" என்றார் அம்மா. "அவனைக் கனடாவுக்குக் கூப்பிடுற அலுவல் முடியேல்லை."

ஒரு அட்டை வீட்டுக்கும் அந்தப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? அம்மா விசயத்தை மாற்றுகிறார் என்றே நினைத்தேன். எங்கள் அம்மா வீராங்கனை, அன்ரி பயந்தாங்கொள்ளி என்று எனக்குள் தீர்ப்பும் எழுதினேன். அந்த வருடம்தான் அம்மாவுக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்திருந்தது; அன்ரிக்கு இன்னும் இல்லை. இந்த ஊரில் வாயைத் திறப்பதற்கு அதுவும் தேவைப்படும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.