நடந்ததுக்கு வருத்தமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை, என் அக்கா மகன் தினேஷ். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை அரை வருஷம் நடந்தே போனவன்!

திரும்பி வந்து வேறு கம்பெனியில் ஒழுங்காகத்தான் வேலை பார்க்கிறான். ஆனாலும் வருகிற வரனெல்லாம் இந்த நடையில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது. 'பையன் மறுபடியும் எப்போ கிளம்புவாரோ...' என்று ஒரு போன் வரும். அவ்வளவுதான்.

கள்ளிக்குப்பத்தில் ஆட்டோ ஏறியதுமே அக்காவின் கோச்சிங் கிளாஸ் ஆரம்பம்.

"கேட்டாங்கன்னா, அறியாத வயசுல பண்ணிட்டேன், இப்ப ஃபீல் பண்றேன்னு சொல்லிடு நைனா."

"போன வருஷம்தாம்மா நடந்தேன். முப்பது வயசு இன்னா அறியாத வயசு?"

"சொன்னா இன்னா, வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

சித்தி நானும் அக்கா கட்சிதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். இவன் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும் — சொல்ல மாட்டானா?

பெண் வீடு குவார்ட்டர்ஸில். அப்பா ஃபாக்டரி உத்தியோகம், திருநெல்வேலிக்காரர். கேசரி முடிகிற வரை பொறுத்திருந்து கேட்டார்.

"நல்ல வேலைய விட்டுட்டு நடந்திருக்கீய. இப்ப அத நினைச்சு வருத்தப்படுதீயளா தம்பி?"

அக்கா, தன் மகன் காலை மிதிப்பதாக நினைத்து, என் காலை மிதித்தாள்.

"இல்ல சார். கொஞ்சம்கூட வருத்தம் இல்ல."

போச்சு, இந்த இடமும் போச்சு!

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். கவிதா, பூந்தமல்லியில் பிசியோதெரபிஸ்ட். பயிற்சியைப் பாதியில் விட்டு ஓடுகிற நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள்.

"பாதியில விட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாம்னு தோணவே இல்லையா?"

"தினமும் தோணுங்க. காலையில ஷூ மாட்டுறப்போ கரெக்டா தோணும். காலு வீங்கிகினு இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் எங்க கீதுன்னு மேப்ல பார்ப்பேன்."

"அப்புறம்?"

"ஒரு டீ குடிப்பேன். நடந்துடுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். அப்பா பக்கம் திரும்பினாள்.

"தினமும் விட்டுட்டுப் போலாம்னு தோணியும் போகாம இருந்திருக்காரு. அதுவும் ஒரு டீயில சமாதானமாயிடுறாரு. இதுக்கு மேல என்னப்பா வேணும்? எனக்கு ஓகே."

அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் — "மாப்ளைக்கு இன்னொரு டீ கொண்டாங்க!" அக்கா அழுதே விட்டாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இதே யோசனை. நெடுந்தூரம் போய் வந்தவர்களிடம் நாம்தான் தப்பான கேள்வியைக் கேட்கிறோம். வலித்ததா என்று கேளுங்கள், 'ஆமாம்' என்பார்கள். ஆனால் வலி வேறு, வருத்தம் வேறு. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன்... எனக்கும் சில நாள் காலையில் அப்படித்தான் தோன்றும். நல்ல வேளை, எங்கள் வீட்டில் டீ போடுவது அவர்!

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் காரா, குதிரை வண்டியா என்று நேற்று சம்பந்தி போனில் விசாரித்தார்.

கேட்க வேண்டிய கேள்வியா அது?