நிற்காத வண்டி

கணக்கு டீச்சராக ஓய்வு பெற்ற பத்மாசனிக்கு அந்த நாவல் தலைகீழ்ப் பாடம். ஓர் அண்ணியும் நாத்தனாரும் ஓட்டை ஃபியட்டில் கன்னியாகுமரிக்குப் போகும் கதை. ஊருக்கு ஊர் வண்டி மக்கர் பண்ணும், நின்ற இடத்திலெல்லாம் ஒரு கூத்து நடக்கும். டீச்சரின் வகுப்பில் வேகம், தூரம் கணக்குகளில்கூட ரயிலுக்குப் பதில் அந்த ஃபியட்தான் ஓடியது.

இப்போது படமாக வந்ததில், புத்தம்புதுக் கார் எங்கேயும் நிற்காமல் பறந்தது. இடைவேளையிலேயே கணவர் சௌரிராஜனைக் கிளப்பிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார் டீச்சர்.

"கார் நிக்காட்டா கதை ஏது? மண்டூகங்கள்!" என்று தி.நகர் முழுக்கப் பொரிந்து தள்ளினார்.

"கதை இன்னா மாமி?" என்றார் ஆட்டோக்காரர்.

கேட்டதுதான் தாமதம். செங்கல்பட்டில் வெடித்த டயர், விழுப்புரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்ட பந்தி என்று டீச்சர் சொல்லச் சொல்ல, கோபம் போன இடம் தெரியவில்லை. ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

அபிராமபுரம் வந்தது.

"நிறுத்துப்பா, நம்மாத்து வாசல் வந்துடுத்து" என்றார் சௌரிராஜன்.

"இரு மாமா, இன்னும் விழுப்புரமே தாண்டல" என்று வண்டியை நேரே விட்டார் ஆட்டோக்காரர். "கன்னியாகுமரி எம்மாந்தூரம் கீது!"