ஓடைப்பாலத்து டியூப் லைட்

அமாவாசையன்று பிறந்ததால் அம்மாவாசி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மீதுள்ள கோபமோ என்னவோ, மனுஷனுக்கு வெளிச்சத்தின் மேல் அப்படியொரு பித்து. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டைவிட்டு மேற்கே ஒதுங்கிக் கிடக்கும் ஆனைமடைக்குக் கரண்ட் வந்த வருஷமே, பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு ஓடைத்தெரு முனையில் கடை போட்டார். திராட்சைத் தோட்டக்காரர்களும் வயல்காரர்களும் எரிந்துபோன மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். அதுவும் காட்டு வேலை முடிந்து சாயங்காலத்தில்தான் வருவார்கள். கடை வாசலில் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும், ஊர்வம்பு இலவசம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் டவுன் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது, அந்தப் பெஞ்சுக்காரர்கள்தான் அவரை நிற்கவைத்தார்கள். அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: "தெருவுக்கு லைட்டு போடுவேன்." வேறு எதைப் பற்றியும் அவருக்குப் பேசவும் தெரியாது. ஜெயித்துவிட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் ஆதித்தன், ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர். கோபமே வராது. எந்த விஷயத்தையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பதில் அவருக்கு இணை கிடையாது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கஸ்தூரியம்மாள் உட்காருவார். பெண் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் சேர்த்துக்கொள்ளப்பட்ட பண்ணை வீட்டு அம்மாள். வருவார், கையெழுத்துப் போடுவார், காபி குடிப்பார், போவார். அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட மற்ற மெம்பர்களுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் ஊருக்குக் கொஞ்சம் டியூப் லைட்டுகள் ஒதுக்கினார்கள். அதுவரை தெருவில் எரிந்ததெல்லாம் மினுக்மினுக்கென்று அழுது வடியும் குண்டு பல்புகள்தான். டியூப் லைட் என்றதும் மெம்பர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு வாசலில் ஒரு கம்பம் வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். அம்மாவாசி மட்டும் தன் வாசலுக்குக் கேட்கவில்லை.

"ஓடைப்பாலத்துல போடுங்க. அங்கன கருவேலங்காட்டுப் பக்கம் நம்ம பொம்பளைக இருட்டுல போறாக வாராக. பாம்பும் பூரானும் கெடக்கு," என்றார்.

எதற்குப் போகிறார்கள் வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஓடைத்தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் தோட்டம் துரவு என்று எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். பெண்களுக்கு விடியுமுன்னே ஒரு பொழுது, இருட்டிய பிறகு ஒரு பொழுது. இடம் அந்தக் கருவேலங்காடு.

தனக்கென்று கேட்காத மெம்பர் என்று எல்லோரும் மெச்ச, தீர்மானம் நிறைவேறியது. லைட் எரிந்த அன்று அம்மாவாசி பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஓடையின் கூழாங்கற்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. பெற்ற பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து, "பாத்தியா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார். ராமுத்தாய் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வேலை அசதி போலும் என்று நினைத்துக்கொண்டார். ஆண்களுக்கு இப்படி நினைத்துக்கொள்ள எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறது.

கொஞ்ச நாளில் டியூபை யாரோ கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். அலைந்து திரிந்து புதுசு வாங்கி மாட்டினார். அதுவும் உடைந்தது. அம்மாவாசி பாலத்துக்கடியில் சீட்டாடும் பயல்கள் வேலைதான் என்று முடிவுகட்டி, கூட்டத்தில் மேசையைத் தட்டி, போலீசில் புகார் கொடுக்கத் தீர்மானம் போடவைத்தார். மூன்றாவது டியூபும் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள் சுப்புத்தாயைத் தலைப்பிரசவத்துக்குக் கோம்பையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து வந்த பிள்ளை, வந்த நாள்முதல் வாடிக்கொண்டே போனாள். ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சத்தம் போட்டார்: "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுத் தண்ணியே குடிக்காம இருந்தா நீர்க்கடுப்பு வராம என்ன செய்யும்? இப்படியே விட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவாசி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா, வீட்டுல தண்ணியா இல்ல? ஏன் குடிக்க மாட்டேங்குற?"

சுப்புத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"குடிச்சா எங்கன போறது? நீங்க போட்ட லைட்டுக்கு அடியிலயா?" என்றாள் ராமுத்தாய்.

கையில் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

"இருட்டுனா அது எங்க எடம். ஒருத்திய ஒருத்தி பாக்க மாட்டோம். இப்ப லாரி போகுது, சைக்கிள்ல போறான், பாலத்துச் சொவத்துல ஒக்காந்து பீடி குடிக்கிறான். ஆள் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்க வேண்டியிருக்கு. பிள்ளத்தாச்சி எத்தன தடவ எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காருவா? அதான் மத்தியானத்தோட தண்ணிய நிறுத்திட்டா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டீகளா? லைட்டு எங்கன வேணும்னு ஊர்ல ஒரு பொம்பளகிட்டயாவது கேட்டீகளா? ரெண்டு தடவயும் கல்லெறிஞ்சது நான்தான். போலீஸ்ல போய்ச் சொல்லுங்க."

அம்மாவாசிக்கு அவமானம் ஒரு பக்கம். அதைவிட, தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்ட அந்த வெளிச்சத்தில் பெற்ற மகளே நாக்கு வறண்டு கிடந்தாளே என்பதுதான் அவரை அறுத்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் பஞ்சாயத்துக் கூட்டம். உச்சி வெயிலில் ஏணியைச் சாத்தி ஏறி, டியூபைக் கழற்றி, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைவீதி வழியாகவே நடந்தார். கூட்டம் நடக்கும் மேசையில் அதைக் கிடத்தினார்.

"டியூப உடைச்ச ஆளப் பிடிக்கணும்னு தீர்மானம் போட்டோமே தலைவரே, அது என் வீட்டு வேலைதான். இந்தத் தடவ உடைக்கல. நானே கழட்டிட்டு வந்துட்டேன்."

நிர்வாக அதிகாரி பதறினார். தீர்மானம் போட்டு வைத்த விளக்கைத் தீர்மானமில்லாமல் எடுக்க முடியாதாம். ஆதித்தன் வழக்கம்போல, "அடுத்த கூட்டத்துல பாப்போம்," என்றார்.

"அடுத்த கூட்டம் வரைக்கும் முடியாது. வந்து... நம்ம வீட்டுப் பொம்பளைக... சாயங்காலம்... ஒதுங்குறதுக்கு..." அம்மாவாசிக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "இதெல்லாம் சபையில பேசுற பேச்சா மெம்பரே?" என்றார் ஒருவர்.

அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு வாய் திறந்தது. "ஏன், சபையில இருக்கிறவுக வீட்டுல பொம்பளைக இல்லையா? என் மக பிள்ளத்தாச்சி. இந்த லைட்டுக்குப் பயந்து தண்ணி குடிக்காம மயங்கி விழுந்துட்டா. பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டணும். கட்டுற வரைக்கும் அங்கன லைட்டு எரியக் கூடாது. தீர்மானம் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி."

அப்போது யாரும் கேட்டிராத ஒரு குரல் கேட்டது.

"கட்டணுங்கிறது சரி. எங்கன கட்டுறது? அதப் பேசுங்க," என்றார் கஸ்தூரியம்மாள்.

தலைவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. பண்ணை வீட்டு அம்மாள் முதன்முதலாக வாய்திறந்து கேட்டதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ள அவருக்குத் துணிவு வரவில்லை. ஊர் எல்லையில் தலைவருடைய அப்பா பெயரில் ஒரு அலங்கார வளைவு கட்ட ஒதுக்கியிருந்த தொகை கக்கூஸுக்குத் திரும்பியது. பெருமூச்சு விட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இடத்துக்குத்தான் சண்டை. கட்ட வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று; தங்கள் தெருவில் வேண்டாம் என்பதிலும் எல்லோரும் ஒன்று. கோயில் பக்கம் ஆகாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆகாது. சந்தைப்பேட்டை என்றால் வியாபாரிகள் சும்மா விடமாட்டார்கள். கட்சிப் படிப்பகத்துக்குப் பக்கத்தில் என்றால் அங்கே படமாகத் தொங்கும் தலைவர்களுக்கு அவமரியாதை. ஊரிலுள்ள புறம்போக்கு நிலமெல்லாம் திடீரென்று புனித பூமியாகிவிட்டது. கடைசியில் அம்மாவாசி எழுந்தார்.

"என் கடைக்கு எதுத்தாப்புல கெடக்குற புறம்போக்குல கட்டுங்க. நான் ஆட்சேபண சொல்ல மாட்டேன்."

கட்டி முடிக்க முக்கால் வருஷம் ஆனது. அதுவரை ஓடைப்பாலம் இருட்டாகவே கிடந்தது. சுப்புத்தாய் பழையபடி தண்ணீர் குடித்தாள். உடம்பு தேறி, சுகமாக ஒரு பெண் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு கோம்பைக்குப் போய்ச் சேர்ந்தாள். கட்டிடத்துக்கு வயரிங் செய்தது அம்மாவாசிதான். சுவிட்சை வெளியே வைக்கச் சொன்னார் மேஸ்திரி. இவர் கேட்கவில்லை. உள்ளே போகிறவள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாவிட்டால் அணைத்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சுவிட்ச் வைத்தார்.

திறப்பு விழாவுக்கு மைக் செட், மாலை, பேச்சு எல்லாம் இருந்தது. பெண்கள்தான் இல்லை. விழா முடிந்து சில நாள் கழிந்தும் ஒருத்தி எட்டிப் பார்க்கவில்லை. பாலத்து லைட்டை இன்னும் மாட்டவில்லை; இருட்டியதும் பழையபடி ஓடைக்கரைதான். இவ்வளவு பாடுபட்டும் வீணாகிவிட்டதே என்று அம்மாவாசி சோர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஒரு தடவை பட்டவர் அல்லவா? இந்தத் தடவை போலீசைத் தேடவில்லை, ராமுத்தாயிடமே கேட்டார்.

"ஏன் ஒருத்தியும் வரமாட்டேங்குறீக?"

"எப்படி வருவாக? எதுத்தாப்புல உங்க கடை. பெஞ்சு பூராம் ஆம்பளைக. அத்தன பேரு கண்ணுக்கு முன்னால தண்ணிவாளியத் தூக்கிக்கிட்டு எவ உள்ள போவா?"

 அவருக்கு வரும்படியெல்லாம் சாயங்காலத்தில்தான். அது ராமுத்தாய்க்கும் தெரியும்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் அம்மாவாசி கடையைப் பூட்டினார். பெஞ்சை உள்ளே தூக்கிப் போட்டார். மோட்டாரோடு வந்தவர்களைக் காலையில் வரச் சொல்லித் திருப்பியனுப்பினார். அன்று ஒன்றிரண்டு பேர் வந்ததாக ராமுத்தாய் சொன்னாள். அந்த வாரத்துக்குள் தெருவே வந்தது.

அதன்பிறகு அவர் கடை சாயங்காலம் திறக்கவே இல்லை. காலையில் வர முடியாதவர்கள் கம்பம் டவுன் கடைகளுக்குப் போய்விட்டார்கள். பாதித் தொழில் போயிற்று. ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "பொழுது சாஞ்சா கண்ணு மங்குதுப்பா," என்று ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அம்மாவாசிக்கு மாலைக்கண். முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார்கள்; ஆட்டு ஈரல் சாப்பிடச் சொன்னார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுபடி தேர்தல் வர எண்பத்தாறு ஆகிவிட்டது. எதிர்த்து நின்ற சுருளியாண்டி மேடையில் பேசினார்: "விளக்கு வச்சா சொந்த வீட்டு வாசலே தெரியாத ஆளு! உங்க வீட்டுக் கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்?" ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஊருக்கு வந்திருந்த சுப்புத்தாய்க்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்பாவுக்கு ஊசிக் கண்ணில் நூல் கோக்கும் பார்வை என்பது அவளுக்குத் தெரியும். "ஏம்ப்பா, எதுக்காகக் கடையப் பூட்டுறீகன்னு மேடையிலயே சொல்லிர வேண்டியதுதான? எல்லாப் பயலும் வாயப் பொத்திக்கிருவான்."

"சொல்லலாம்மா," என்றார் அம்மாவாசி. "சொன்னா, அப்புறம் விளக்கு வைக்கிற நேரத்துல அங்கன யாரு போறா யாரு வாரான்னு ஊர்க்கண்ணு பூராம் அங்கனதான் நிக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஓட்டு எண்ணிய அன்று, ஆண்கள் பூத்துப் பெட்டியைக் கொட்டியபோது சுருளியாண்டியின் ஆட்கள் வெடிக்கட்டை வெளியே எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பின்தங்கியிருந்தார் அம்மாவாசி. அப்புறம் பெண்கள் பூத்துப் பெட்டியைக் கொட்டினார்கள். எண்ண எண்ண ஒரே சின்னமாக வந்துகொண்டிருந்தது. சுருளியாண்டி ஏஜென்டு திரும்ப எண்ணச் சொன்னார், திரும்பவும் அதேதான். எடுத்த வெடிக்கட்டை உள்ளே வைத்தார்கள்.

இளவட்டங்கள் மாலையோடு ஓடிவந்தார்கள். "அண்ணே, இன்னிக்குச் சாயங்காலமே கொட்டு மேளத்தோட ஓடைத்தெருவச் சுத்தி வாரோம்."

"சாயங்காலம் வேணாம்ப்பா," என்றார் அம்மாவாசி. "காலையில வச்சுக்கங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம்டா," என்றான் ஒருவன் மெல்லிய குரலில், "அவருக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல."

ஊர்வலம் மறுநாள் காலையில் நடந்தது.