நிற்காமல் ஓடிய சேலைப் படம்

அவள் மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

கொல்கத்தாவின் நியூ டவுனில் வேலை. ஒரு சேலைக்கடையின் ஆன்லைன் பக்கத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மதுரையிலிருந்து வந்து ஆறு வருடம், அவள் சேர்ந்து ஆறு மாதம். பாலிகஞ்சில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். பெங்காலியோ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆபீஸைத் துடைக்க வரும் மாஷி அவளிடம் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதை பேசுவார். என்னிடம் காலைத் தூக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

துர்கா பூஜோ விற்பனைக்கு முன்னால் கடையிலிருந்து புகார் வந்தது. போனில் சேலைப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கப் போனால், பெரிதாகாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறதாம். கரையைப் பார்க்க முடியாத சேலையை யார் வாங்குவார்கள்? இதைச் சரிசெய்பவரை டீம் லீடாகப் போடுவேன் என்று மேனேஜர் எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

மூன்று நாள், மேசை முழுக்கப் போன்களைப் பரப்பி வைத்து விரித்தேன், சுருக்கினேன். ஒவ்வொரு முறையும் படம் சமர்த்தாகப் பெரிதானது.

நான்காம் நாள் அவள் வந்து நின்றாள். அக்கா என்பதற்குப் பதில் தீதி என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"தீதி, மாஷி கிட்ட போனைக் குடுத்துப் பாத்தேன். அவா முதல்ல ஒரு விரல வெக்கறா. கொஞ்சம் கழிச்சுதான் இன்னொண்ணு. அதுக்குள்ள அது ஸ்வைப்னு நெனச்சுண்டு நகந்துடறது."

இரண்டாவது விரல் பட்டதும் நகர்வதை நிறுத்தும்படி நாலே வரி எழுதியிருந்தாள். சீனியர் என்பதால் நான் பார்த்து ஓகே செய்தால்தான் அது மேலே போகும்.

மாஷியிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்கும் அளவுக்குப் பழகியிருக்கவில்லை. அதைவிட மோசம், இரண்டு வாரம் முன்பு அம்மா இதையே போனில் சொல்லியிருந்தாள்.

"பெருசாக்கப் போனா அடுத்த சேலைக்கு ஓடிருதுடி."

"ரெண்டு விரலையும் ஒண்ணா வைம்மா. போன் பாக்கவே தெரியல ஒனக்கு" என்று கடுகடுத்துவிட்டு வைத்துவிட்டேன். விடையை நானே சொல்லியிருக்கிறேன், திட்டாக.

அவள் எழுதியதை மாலை வரை ஓகே செய்யாமல் வைத்துக்கொண்டு குற்றம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அவள் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கடைசியில் அவளுடைய நாலு வரி சேர்ந்த சோதனைப் பக்கத்தின் லிங்க்கை அம்மாவுக்கு அனுப்பி, ஸ்பீக்கரில் கூப்பிட்டேன். அம்மாவின் விரலிலாவது அது தோற்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

"பெருசாக்கிப் பாரும்மா."

"அட, இப்ப நிக்குதுடி! கரையில இருக்கற மயிலுக்குக் கண்ணுகூடத் தெரியுது." அம்மாவின் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சு சரி பண்ணிட்டியா?"

எதிர் மேசையில் அவள் பையை மாட்டிக்கொண்டு, கிளம்பாமல் நின்றிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.

போனை வைத்தேன். ஓகேவை அழுத்தினேன். "தேங்க்ஸ் தீதி" என்று சொல்லி, எப்போதும் போலச் சிரித்துவிட்டுக் கிளம்பினாள். தமிழ் பேசுவதற்குத்தான் அவள் யோசிப்பாள், காதில் விழுந்தால் எல்லாம் புரியும்.