வேப்பெண்ணெய்க்கு அடங்காத விரல்

எங்கள் வீட்டில் வேப்பெண்ணெய்ப் போத்தல் என் ஒருத்திக்காகவே இருந்தது. ஐந்து வயதாகியும் நான் பெருவிரல் சூப்புவதை விடவில்லை. பால்பற்கள் அப்போதே முன்னுக்குத் தள்ளத் தொடங்கியிருந்தன. அம்மா விரலில் எண்ணெய் பூசுவாள். நான் கசப்புத் தீரும்வரை பொறுமையாகச் சூப்பிவிட்டு, பிறகு நிம்மதியாகச் சூப்புவேன். ஒருநாள் காரமான கொச்சிக்காய் தேய்த்துப் பார்த்தாள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கி நான் ஊரைக் கூட்டியதில் அதுவும் நின்றுபோனது.

"பல்லு மிதந்தா உன்னை ஆருடி கட்டுவான்?" என்பதுதான் அம்மாவின் அன்றாடக் கவலை. (கட்டியவர் இன்றுவரை அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.)

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊருக்குள் கடல் புகுந்த காலையில், அம்மாவின் பிடியிலிருந்து என் கை நழுவிவிட்டது. யாரோ ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்திவிட்டுப் போனார். அங்கே நிறையப் பிள்ளைகள், எல்லார் முகத்திலும் சேறு. நான் ஒரு மூலையில் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தேன். பொழுதுபடும் நேரம் அம்மா நேரே அந்த மூலைக்கு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் என் கையைக் கழுவி, பெருவிரலை அவளே என் வாயில் வைத்துவிட்டாள்.

பிறகு பழுகாமத்தில் பெரியம்மா வீட்டில் ஒதுங்கினோம். பெரியம்மா வேப்பெண்ணெயோடு வந்தபோது அம்மா மறித்தாள்.

"விடக்கா. சூப்பினாச் சூப்பட்டும்."

அம்மா தோற்றுவிட்டாள் என்று நான் முடிவுகட்டினேன். அந்த வெற்றியை ஒன்பது வயதுவரை கொண்டாடினேன்.

பலன் பல்லில் தெரிந்தது. புதிதாய் முளைத்த மேற்பற்கள் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தன. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேராததால் மாங்காயைக் கடைவாயால்தான் கடிப்பேன். நாட்டில் சண்டை முடிந்த பிறகு அம்மா என்னை மட்டக்களப்புக்குப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

"முன்பல்லு முளைக்க முந்தி நிப்பாட்டியிருந்தா இவ்வளவுக்கு வந்திராது. ஏனம்மா விட்டீங்க?" என்று அவர் ஏசினார்.

அம்மா தலைகுனிவாள் என்று பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"கடல் வந்த அண்டைக்கு புள்ளைகள் எல்லாம் ஒரே சேறு, டொக்டர். ஆரெண்டு தெரியாது. விரல் சூப்புற புள்ளையக் கண்டீங்களா எண்டு கேட்டுக் கேட்டுத்தான் இவளக் கண்டுபிடிச்சன்."

டொக்டர் என் பெருவிரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கோ எரிச்சல். பல்லைப் பற்றிக் கேட்டால் பல்லைப் பற்றிச் சொல்லாமல், அம்மா எதற்குப் பழைய கதை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.