உறுமியது, கடிக்கவில்லை

சொர்ணத்துக்கு நாய் என்றால் பயமே கிடையாது என்று, அவள் இறந்த மறுநாள் டாக்டர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். புகழ்ந்துதான் சொன்னார். ஆனால் அது பொய். மந்தைவெளியில் அவருடைய நாய் கிளினிக்கில் சொர்ணத்தோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அவளுக்குப் பயம் உண்டு. பயப்படுகிற நாயைப் பார்த்தால் அவளும் பயப்படுவாள், இரண்டடி தள்ளி உட்காருவாள், அதற்கு அவகாசம் கொடுப்பாள். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் அத்தனை வருஷம் அவளைத் தரை கழுவ வைத்திருக்கிறோம்.

தரை கழுவுவதும், ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வதும் அவள் வேலை. சீட்டு எழுதுவது, பதிவேடு பார்ப்பது என் வேலை. நான் பி.ஏ. படித்தவன். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனக்கு நாய் என்றால் உதறல். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா நைனா, பேரு வைரவன்ற. நாயப் பார்த்தா மேசைக்குப் பின்னால பூந்துக்கிற. சாமி கோச்சுக்கப் போவுது."

இடுப்புச் செருகலில் எப்போதும் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருப்பாள். டீக்கடையில் வாங்கிய பொறை பிஸ்கட், நான்காக உடைத்தது. மிரண்டு வரும் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பார்க்காமலே பின்பக்கம் ஒரு துண்டு போடுவாள். சில நாய் ஐந்து நிமிஷத்தில் வந்து தோளை முகரும். சில நாய்க்கு ஒரு மணி நேரம் ஆகும். டாக்டர் உள்ளேயிருந்து, "சொர்ணம், அது என்ன மாப்பிள்ளையா, வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறதுக்கு?" என்று கத்துவார். அவள் அசையமாட்டாள். தலைமேல் தடவுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மேலேயிருந்து இறங்குகிற கை எல்லாம் நாய்க்கு அடிக்கிற கைதான் என்பாள். நெஞ்சைத்தான் சொறிந்து கொடுப்பாள்.

இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றது. அந்தக் கற்றதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், நவராத்திரிக்கு முந்தைய நாள். சித்திரக்குளம் பக்கத்திலிருந்து பஞ்சாபகேசன் என்று ஒருவர் வந்தார். ரயில்வே கணக்குப் பிரிவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டில் திருடு போனதால் மூன்று வருஷம் முன்பு ஒரு அல்சேஷன் குட்டி வாங்கி வளர்த்தார். பெயர் ரெக்ஸ். அது அன்று காலை அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மாமியின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. நான்கு தையல்.

"ஒரு சத்தம் இல்லை டாக்டர். ஒரு உறுமல்கூட இல்லை. நேரா வந்து பிடிச்சுடுத்து. இனிமே இதை ஆத்துல வெச்சுண்டிருக்க முடியாது. ஊசி போட்டு முடிச்சுடுங்கோ."

கடித்த நாயை உடனே கொல்லக் கூடாது. வெறி இருக்கிறதா என்று பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் கடிபட்டவருக்கும் நிம்மதி. டாக்டர் அதைச் சொல்லி, தினமும் காலையில் வைரவனும் சொர்ணமும் வந்து பார்ப்பார்கள் என்றார். சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று நான் எழுத வேண்டும். பத்தாம் நாள் நாய் நன்றாக இருந்தால் ஊசி. அதாவது ஆரோக்கியம் என்று தெரிந்தால் சாவு. இதில் யாருக்கும் எதுவும் விசித்திரமாகப் படவில்லை.

"பத்து நாள் கீதுல்ல?" என்றாள் சொர்ணம், அவர் வீட்டுக்குப் போகிற வழியில். "அதுக்குள்ள இது ஏன் கடிச்சிச்சுன்னு கண்டுபுடிச்சா வுட்டுடுவாங்கல்ல?"

விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

நாயைப் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். முதல் நாள் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததோடு சரி. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு மாமி குளித்து, மடி உடுத்தி, துவைத்த ஒன்பது கஜப் புடவையோடு பின்கட்டுக்கு வந்தாள். மடிப் புடவையை யார் கையும் படாத உயரத்தில், கூரைக்கடியில் கட்டிய மூங்கில் கொடியில்தான் உலர்த்துவார்கள். அதற்காக நீளமாக ஒரு கோல். மாமி சுவரில் சாய்த்திருந்த அந்தக் கோலை எடுத்தாள். நாயிடம் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. சொர்ணம் என் காதருகே குனிந்தாள்.

"பாரு. கொட்டாவி வுடுது. தூக்கமா அது? உதட்டை நக்குது. வெள்ளை முழி தெரியுது பாரு. கோலு சத்தம் கேட்டதுமே நடுங்குது."

மாமி புடவையை உலர்த்தி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டாள். "மாமி, அந்தக் கோலால அடிச்சிருக்கீங்களா?"

"அடிக்காம? மடியா இருக்கறச்சே மேல வந்து விழறது. மறுபடி போய் நான் குளிக்கணும். ரெண்டு தட்டு தட்டினாத்தானே அதுக்குப் புரியும்?"

"அடிச்சா உறுமுமா?"

"ஆரம்பத்துல உறுமித்து. மாமா பெல்ட்டால வெளுத்து வாங்கினார். ஒரு மாசத்துல உறுமறதை விட்டுடுத்து. நல்ல பழக்கம் வந்துடுத்துன்னு நினைச்சிண்டிருந்தோம்."

தெருவுக்கு வந்ததும் சொர்ணம் நின்றுவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிப்போகும்.

"வாசல்ல மணி அடிச்சா எரிச்சலா கீதுன்னு மணியப் பிச்சிப் போட்டுட்டாங்க நைனா. இப்ப சத்தம் இல்லாம உள்ள வந்துட்டான்னு கத்துறாங்க. கிட்ட வராத, பயமா கீதுன்னு அது சொல்றதுக்கு வெச்சிருந்ததே அந்த உறுமல் ஒண்ணுதான். அத்தையும் அடிச்சி வாங்கிட்டாங்க. அப்புறம் அதுங்கிட்ட இன்னா மிச்சம்? பல்லுதான்."

டாக்டரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார். ஆறு வருஷம் கல்லூரியில் படித்தவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் வேலையைத் தொடங்கினாள். மடிக் கோலைத் தொட முடியாது என்று, அதே போல வேறொரு கோலைக் கொண்டுவந்து தரையில் கிடத்தி, அதைச் சுற்றிப் பொறைத் துண்டுகளைப் போட்டாள். ரெக்ஸ் முதல் நாள் தொடவில்லை. அடுத்த நாள் கழுத்தை மட்டும் நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியது. பிறகு அவள் கோலை ஒரு சாண் தூக்குவாள், ஒரு துண்டு போடுவாள், கீழே வைப்பாள். திரும்பத் திரும்ப. பஞ்சாபகேசன் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பரைத் தாழ்த்திப் பார்த்து, "கோலாட்டம் சொல்லிக் கொடுக்கறாப்பல இருக்கு" என்பார்.

மாமி கையால் கொடுத்தால்தான் மாமி மேல் அதற்கு இருக்கிற பயம் போகும் என்றாள் சொர்ணம். அங்கேதான் சிக்கல். மடியாக இருக்கிறவள் டீக்கடைப் பொறையைத் தொடுவாளா? சொர்ணம் யோசித்தாள்.

"உங்க சமையல் ரூம்ல கொப்பரை கீதா மாமி? அத்தப் பொடிசா நறுக்கி வெச்சிக்குங்க. தொட வேணாம், தூர நின்னு போடுங்க. உங்க மடி உங்ககிட்ட, அது பயம் அதுகிட்ட."

மாமி செய்தாள். இதையும் சொல்ல வேண்டும். கட்டுப்போட்ட கையோடு, தினமும் கோலை எடுக்குமுன் பத்தடி தள்ளி நின்று கொப்பரைத் துண்டு வீசினாள். ஆறாம் நாள் எட்டடி. எட்டாம் நாள் காலை அவள் கோலைத் தூக்கியபோது ரெக்ஸ் நடுங்கவில்லை. காதைத் தாழ்த்தி, வாலை மெதுவாக, பாதிக்குக் கீழே ஆட்டியது. "என்னடா, இன்னும் வேணுமா?" என்று மாமி கேட்டாள். சொர்ணம் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

அன்று கிளம்பும்போது பஞ்சாபகேசனிடம் கைகூப்பிச் சொன்னாள். "சாமி, நீங்க மட்டும் அந்தக் கோலைத் தொடாதீங்க. மாமியைத்தான் இப்ப நம்புது. உங்களுக்கு இன்னும் நாளாவும். இது மாசக்கணக்கு வேலை."

அவர் தலையாட்டினார்.

ஒன்பதாம் நாள் மாலை கொலுவுக்கு வந்தவர்களில் அவருடைய பழைய அலுவலக நண்பர் ஒருவர் இருந்தார். நாயைப் பற்றிப் பேச்சு வந்தது. "இப்ப சாதுவாயிடுத்து, வாங்கோ காட்டறேன்" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போய், பஞ்சாபகேசன் கோலை எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கினார். சுண்டல் தொன்னையோடு நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ரெக்ஸ் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு பல்லைக் காட்டி, நீளமாக உறுமியது. அவர் கோலைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அவ்வளவுதான் நடந்தது.

பத்தாம் நாள் காலை நாங்கள் போனபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"உன் வைத்தியம் பலிச்சுது போ. நேத்து என்னைப் பார்த்து உறுமறது!"

சொர்ணத்தின் முகம் மலர்ந்ததே, அதை நான் என்னவென்று எழுதுவேன்.

"உறுமுச்சா? நெசமா உறுமுச்சா சாமி? கடிக்கலியே?"

"என்ன கேள்வி இது? கடிச்சாத்தான் உனக்குத் திருப்தியா?"

"இல்ல சாமி, அதுக்கு வாய் வந்துடுச்சு! இனிமே சொல்லாம கடிக்காது. நீங்க கோலை ஓங்கினீங்க, அது வேணாம்னு சொல்லிச்சு, நீங்க போனீங்க, அதுவும் வுட்டுடுச்சு. நல்ல சேதி சாமி இது!"

அவர் என்னைப் பார்த்து, "இவளுக்குப் புத்தி சரியா இருக்கா?" என்று கேட்டார். படித்தவன் ஒருவன் சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை கேட்டிருப்பார். எனக்கு அது புரிந்திருந்தது. ஒன்பது நாளும் என் கையாலேயே நோட்டில் எழுதியிருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்துவிட்டார். டாக்டர் படிவத்தை நீட்டினார், அவர் கையெழுத்துப் போட்டார். சொர்ணம் குறுக்கே வந்தாள்.

"எனக்குக் குடுத்துடு சாமி. நான் வெச்சிக்கிறேன். உன் தெருப் பக்கமே வராது."

"நாளைக்கு உன் பேட்டைல எவனையாவது கடிச்சா? பஞ்சாபகேசன் ஆத்து நாய்னுதானே சொல்லுவா? என் பேர்னா கெடும்."

அவருடைய பேர். ஒரு நாயைப் பெல்ட்டால் அடித்து ஊமையாக்கியதில் கெடாத பேர், நாலு பேருக்கு முன் அதைச் சீண்டியதில் கெடாத பேர், அது உயிரோடு இருந்தால் கெட்டுவிடும். சொர்ணம் டாக்டரைப் பார்த்தாள்.

"ஓனர் கையெழுத்துப் போட்டாச்சு சொர்ணம். நம்ம கைல இல்லை."

ஊசியோ அவர் கையில்தான் இருந்தது.

அவள் அழவில்லை. "மேசை மேல ஏத்தாதீங்க. அதுக்கு உசரம்னா பயம்" என்றாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ரெக்ஸ் வந்து அவள் மடியில் முன்கால்களை வைத்துக்கொண்டது. நெஞ்சைச் சொறிந்துகொண்டே இருந்தாள். டாக்டர் ஊசியோடு குனிந்தபோது அது உறுமியது. மற்ற நாய் என்றால் 'சும்மா இரு' என்று நாங்கள் அதட்டுவோம். அவள் அதட்டவில்லை.

"சொல்லு ராசா. சொல்லு. நான் கேக்குறேன்."

உறுமல் நின்ற பிறகும் அவள் கை நெஞ்சிலேயே இருந்தது.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டம் ஒன்று உண்டு. 'மூர்க்க குணம்' என்று எழுதினேன். இன்னா எழுதினே என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "ஒம்போது நாளு கூட வந்த இல்ல நைனா?" என்றாள். ஆறு வருஷம் அந்தக் கட்டத்தை நான் அடித்துத் திருத்தவில்லை. போன வாரம் அவளை எரித்துவிட்டு வந்தபின், கிளினிக்கைத் திறந்து, பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, 'உறுமியது, கடிக்கவில்லை' என்று எழுதினேன். யாருக்கு என்ன லாபம்?

ரெக்ஸ் போய்ப் பதினைந்து நாள் கழித்து ஜெயலக்ஷ்மி மாமி தனியாக வந்தாள். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. சொர்ணம் தரை கழுவிக்கொண்டிருந்தாள். மாமியின் மணிக்கட்டில் கட்டு இல்லை.

"ஒண்ணு கேக்கணும் சொர்ணம். அன்னிக்கு அது மாமாவைக் கடிச்சிருக்குமா?"

"கடிக்கணும்னா கடிச்சிருக்கும் மாமி. சங்கிலி நீளம்தான, எட்டாமயா பூட்டுது? கடிக்க வெச்சிடாதன்னுதான் சொல்லிச்சு."

மாமி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கு எப்படிடி புரியும் அதெல்லாம்?"

"பத்து நாளா நான் சொல்லிக்கினுதான இருந்தேன்."

மாமி இன்னும் ஏதோ ஒரு வார்த்தைக்காக நின்றாள். யாருக்கும் ஆறுதல் சொல்லத் தெரியாதவள் இல்லை சொர்ணம். குட்டி செத்துப்போனது என்று அழுகிற பெரிய மனிதர்களையெல்லாம் தேற்றி அனுப்பியிருக்கிறாள். அன்று சொல்லவில்லை. வாளியைத் தூக்கினாள்.

"கால எடு மாமி. தண்ணி ஊத்தணும்."