மாசியில் கெட்டித்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கி கழுவுவது என் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர்தான் அதைச் செய்துகொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த அரிசி மில்லில் பெல்ட் இழுத்து இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போனபிறகு, சின்னத் திருகுகளைப் பிடிக்க அவரால் முடியவில்லை. பார்த்துப் பார்த்து நான் பழகிக்கொண்டேன்.

மாமனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி அது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, மேலே இன்னும் கொஞ்சம் நாரை இடித்துக் கெட்டிக்க வேண்டும். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ். நிலம் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காய் பிடிக்கும்போது காட்டுப்பன்றிகள் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும். அந்த ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் துப்பாக்கியை எடுத்துப் போவார். மற்ற நாளெல்லாம் அது திருவண்ணாமலையில், பேகோபுரத் தெரு வீட்டில், பீரோவின் மேல் கிடக்கும்.

கரிமருந்து வெடித்த குழலை அப்படியே விட்டால் சீக்கிரமே துருப்பிடிக்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவேன். கீழே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும். அழுகிய முட்டை நாற்றம். தெளிகிறவரை ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவுவேன். அதற்கெல்லாம் முன்னால் குழல் காலியா என்று பார்த்தாக வேண்டும். இது மடக்கித் திறந்து பார்க்கிற துப்பாக்கி இல்லை. கம்பியை உள்ளே விட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். காலியாக இருந்தால் இரும்போடு இரும்பு மோதி 'டங்'கென்று கேட்கும். மருந்து இருந்தால் மந்தமாக ஒரு சத்தம். கம்பியும் முழுக்க இறங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

என் கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் கிணறு பொது. ஒரே மோட்டார், முறை வைத்துப் பாய்ச்சினார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை ரொம்பக் கம்மி. எங்கள் முறை நாளில் அண்ணன் மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்கப் போன இவரை, நடவுக்கு வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் அறைந்து சேற்றில் தள்ளிவிட்டார். அந்தச் சேறோடுதான் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அதன்பிறகு அவர் பேச்சு குறைந்துபோனது. சோறு போட்டால் சாப்பிடுவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். மில்லுக்குப் போய் வந்தார். ஆறிவிடும் என்று நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில் அவர் வேலைக்குப் போனபிறகு பீரோவின் மேல் ஒட்டடை அடித்தேன். துப்பாக்கியின் கட்டை எப்போதும் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைப்பேன். அன்று அது கதவுப் பக்கம் இருந்தது. எடுத்து, கம்பியை உள்ளே விட்டேன். 'டங்' சத்தம் வரவில்லை. கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

கொல்லையில் மல்லாட்டை இல்லை. பன்றி வர வேலையும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். கம்பியின் நுனியில் திருகாணியை மாட்டி, நாரைக் குத்தி மெல்ல மெல்ல இழுத்தேன். கை வழுக்கிக்கொண்டே இருந்தது. நார் வந்தது, பின்னால் குண்டுகள் உருண்டு வந்தன. பன்றிக்குப் போடுகிற பெரிய குண்டுகள். கடைசியாக மருந்து கரிச்சேறாக வந்தது.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது குண்டுகளை ஒரு தட்டில் போட்டு முன்னால் வைத்தேன்.

"இது யாருக்குங்க?" என்றேன்.

ஒரு குண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே போட்டார். "அவனுக்கா எனக்கானு எனக்கே தெர்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டதும், "கெளம்புங்க, ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துரலாம்" என்றேன். மறுப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி நான்தான் தூக்கிக்கொண்டேன்.

தேர்தல் சமயத்தில் மட்டும் துப்பாக்கியை ஒப்படைக்க வருகிறவர்கள் இப்போது ஏன் வந்திருக்கிறோம் என்று ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார். வெளியூர் போகிறோம், வீட்டில் ஆள் இருக்காது என்றேன். அப்போது கலெக்டர் ஆபீஸ் வேலூரில் இருந்தது. பிறகு இரண்டு பேரும் அங்கே போய் லைசென்ஸே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்த மாசம் முழுக்க அவர் தூங்கி நான் பார்க்கவில்லை.

அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பயப்பட்டிருப்பாரா, இன்னும் எகிறியிருப்பாரா, தெரியவில்லை. தண்ணீர்ச் சண்டை முடியவும் இல்லை. கிணறு வற்றியதும் அவரவர் தனியாகப் போர்க்கிணறு போட்டுக்கொண்டோம், அதோடு சரி.

சில வருஷம் கழித்து அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். "பெரிசா மனசுல வெச்சிக்காதடா" என்றார். இவர் தலையாட்டினார்.

போனோம். பந்தியில் அண்ணன் சாம்பார் வாளியோடு முன்னால் போக, இவர் ரசம் ஊற்றிக்கொண்டு பின்னால் வந்தார். அண்ணன் திரும்பி ஏதோ சொன்னார், இவர் சிரித்தார். சுற்றி இருந்தவர்கள், அண்ணன் தம்பி ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தட்டில் கிடந்த அந்தக் குண்டுகள் ஞாபகம் வந்தன, இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வெயில் ஜாஸ்தி என்று சொல்லி இலையை மடித்தேன்.